மெயின் சுவிட்சில் ஒரு மஞ்சள் துணி

9 நவம்பர் 2025, ஞாயிறு

இன்று லோரியும் ஓடவில்லை, மழையும் இல்லை. இரண்டும் ஒரே நாளில் அமைவது இந்த மலையில் அபூர்வம். காலை முழுக்க மீன்தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். என் பெண்டாட்டி யோகம் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாவது தடவை, "டிவிக்கு இது தேவலாம்லா, சத்தமாச்சும் போடாது" என்றாள்.

ஈப்போவில் நான் காய்கறி இறக்கும் கடையின் தோவ்கே, அந்தச் சீன முதலாளி, கடையை மூடிவிட்டு மகனோடு போய்விட்டார். போகும்போது தொட்டியை என்னிடம் கொடுத்தார். "மாறன், உன் கையில போனா இது சாகாது" என்றார். அப்படி ஒரு மனுஷன் நம்பிக் கொடுக்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கண்ணாடித் தொட்டி, இரும்பு ஸ்டாண்டு, பம்பு, ஹீட்டர் எல்லாம் காலிக் கூடைகளுக்கு நடுவில் மலை ஏறி வந்தன. மீன்கள் மட்டும் பிளாஸ்டிக் பையில் என் பக்கத்து சீட்டில்.

இது யோகத்தின் வீடு. அவள் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்வதால் எஸ்டேட் வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்து வீடு. திரிங்காப் தோட்டத்துக் காய்கறிக்கு லோரி ஓட்டும் நான் இங்கே ஒட்டிக்கொண்டவன்தான். உள்ளே தொட்டி வைக்க இடம் ஏது? முன்பக்கம் பலகையும் தகரமும் வைத்து அடைத்த அஞ்சடி வராந்தாவில், சிமெண்டுத் தரைமேல் வைத்தேன். கரண்டுக்கு ஹால் ஜன்னல் வழியாக ஒரு எக்ஸ்டென்ஷன் வயர்.

மீன்களுக்கு டிஸ்கஸ் என்று பெயர். தட்டு மாதிரி வட்டமாக இருக்கும். உடம்பெல்லாம் நீலக் கோடு. அவற்றில் பெரியது ஒன்று காலையில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நிதானமாக நடந்து எல்லாவற்றையும் பார்வையிடுகிறது. அதற்குத் துரை என்று பெயர் வைத்தேன். எப்போதும் தலையைக் குனிந்து எதையோ எழுதுவதுபோல் நிற்பது கிராணி. மற்றவர்களைத் துரத்திக்கொண்டே இருப்பது கங்காணி. நான் தீனி போடும் நேரம் பெரட்டு, எல்லாரும் முன்னால் வந்து வரிசையில் நிற்பார்கள்.

"துரைக்கு ஹீட்டர் வேற" என்று சிரித்தாள் யோகம். என்ன செய்ய? கீழே ஈப்போவில் இந்த மீனுக்கு ஹீட்டர் இல்லாமலே போய்விடும். இங்கே குளிரில் நமக்கே பல் தந்தியடிக்கிறது.


14 நவம்பர், வெள்ளி

தண்ணீர் மாற்றினேன். பாதியை இறக்கிவிட்டு, வெந்நீர் கலந்து ஊற்ற வேண்டும் என்று தோவ்கே சொல்லியிருந்தார். யோகம் வெந்நீர் கொண்டுவருவதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை. பைப்பிலிருந்து ஒரு வாளி பிடித்து ஊற்றிவிட்டேன். ஹீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம். மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. துரை மட்டும் குளிரில் முகத்தைச் சுளித்ததுபோல் இருந்தது. யோகத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.


17 நவம்பர், திங்கள்

காலையில் கரண்டு போய்விட்டது. பக்கத்து வீட்டில் இருக்கிறது, எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. ஹால் கதவுக்கு மேலே உள்ள மீட்டர் பெட்டியில் ஒரு சுவிட்ச் விழுந்திருந்தது. தூக்கிவிட்டேன், வந்தது. வெளியே எதிர் லயம் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருக்கும்.


20 நவம்பர், வியாழன்

நான்கு நாளாக இதே கதை. விடியற்காலைக் குளிரில் விழுகிறது, வெயில் வந்தால் ஒழுங்காக இருக்கிறது. ஐஸ் பெட்டியில் மீன் கெட்டுப்போனது. அதாவது, சாப்பிடுகிற மீன்.

இன்று தொட்டியின் கண்ணாடியைத் துடைக்கக் கையை விட்டாளாம் யோகம். சுருக்கென்று ஏதோ கடித்ததாம், உடனே கரண்டும் போய்விட்டதாம். "மீன் முட்டியிருக்கும்" என்றேன். ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத்தில் எழுத முடியாது.


23 நவம்பர், ஞாயிறு

தர்மாவைக் கூப்பிட்டேன். மூன்று வீடு தள்ளி இருக்கிறான். இந்த லயத்தில் எது உடைந்தாலும் அவன் கைதான். ரேடியோ, மோட்டார், மிக்ஸி, ஒன்றையும் விடமாட்டான். கெட்டிக்காரப் பயல்.

உச்சி வெயிலில் வந்தான். டெஸ்ட் பென்னைத் தண்ணீரில் விட்டான், விளக்கு எரியவில்லை. என் கையையும் விட்டுக் காட்டினேன், ஒன்றுமில்லை. "அண்ணி, தொட்டியில ஒண்ணுமே இல்ல. இந்தப் பெட்டிதான் பழசு. பனிக்குச் சும்மா சும்மா விழுது" என்றான். ஸ்டூலில் ஏறி, விழுகிற சுவிட்சைத் தாண்டி வயரை நேராகக் கட்டிவிட்டான். "இனிமே விழவே விழாது, அண்ணே."

எனக்கு மகிழ்ச்சி. யோகம் மட்டும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது சும்மா விழல, தர்மா. ஏதோ சொல்லுது."

"பெட்டி பேசுமா, அண்ணி?" என்று அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.


28 நவம்பர், வெள்ளி

விழவேயில்லை. டிவி நாடகம் முழுசாக ஓடியது. தர்மா வாழ்க.


2 டிசம்பர், செவ்வாய்

சண்டை. மீனுக்காகப் பெண்டாட்டியோடு சண்டை போட்டவன் இந்த எஸ்டேட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவள் சொன்னது இதுதான். "முன்னெல்லாம் கடிச்ச ஒடனே கரண்டு போயிரும். இப்போ போகமாட்டேங்குது, கடிச்சிக்கிட்டே இருக்குது." அதோடு விட்டாளா? அவள் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறாள். வெறுங்காலோடு நின்றால் கடிக்கிறதாம், ரப்பர் செருப்புப் போட்டால் கடிக்கவில்லையாம். ஹீட்டரில் சிவப்பு விளக்கு எரியும்போதுதான் கடிக்கிறதாம். தர்மா வந்தது வெயில் நேரத்தில், அப்போது விளக்கு அணைந்திருந்ததாம்.

செருப்புக்கு மரியாதை தெரிந்த மீன்தொட்டி! அப்படித்தான் சொன்னேன், சொல்லியிருக்க வேண்டாம். திரிங்காப்பிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். அப்படியே போய் முழங்கை வரை கையை விட்டேன். சிவப்பு விளக்கு எரிகிறது. ஒன்றுமே இல்லை. "பார்த்தியா?" என்றேன்.

அவள் என் கையைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். தோட்டத்துச் சேற்றோடு ரப்பர் பூட்.

"அதைக் கழட்டிட்டு விடுங்க பார்ப்போம்."

இந்தக் குளிரில் சிமெண்டுத் தரையில் வெறுங்காலா? கழற்றவில்லை. குளிருக்காகத்தானா, இல்லை அவள் சொன்னது சரியாகிவிடுமோ என்றா? தெரியவில்லை.

பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள். மீன் செத்துவிடும் என்று நான் மறுபடி மாட்டினேன். பிடுங்கினாள். மாட்டினேன். கடைசியில், புது ஹீட்டர் வாங்கி வருகிறேன், அதுவரை நீ தொடாதே, பூட் போட்ட நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒப்பந்தம்.


5 டிசம்பர், வெள்ளி

வேலை முடிந்து வந்தால் ஹாலில் ஒரு மஞ்சள் துணி தொங்குகிறது. பழைய சேலைக் கிழிசலை முறுக்கி, கதவுக்கு மேலே பெட்டியில் இருக்கிற மெயின் சுவிட்சில் கட்டியிருக்கிறாள். நுனி அவள் தோள் உயரத்துக்கு வருகிறது. இழுத்தால் மொத்த வீடும் அணைந்துவிடும். எனக்கு இழுத்துக் காட்டினாள். நாடகம் பாதியில் நின்றது.

ஃபேக்டரியில் தேயிலை உருட்டும் மெஷின் பக்கத்தில் ஒரு கயிறு தொங்குமாம். யாராவது கை மாட்டிக்கொண்டால், பக்கத்தில் இருப்பவர் அவரைப் பிடித்து இழுக்கக் கூடாது, கயிற்றைத்தான் முதலில் இழுக்க வேண்டுமாம். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்தார்களாம். "நான் குட்டை. ஸ்டூலைத் தேடிக்கிட்டு நிக்க முடியுமா?" என்றாள்.

"கோயில்ல மணி கட்டுற மாதிரி இருக்கு, குட்டையம்மா" என்றேன். "தீபாராதனை எத்தன மணிக்கு?"

தர்மாவின் மனைவி தவமலர் வந்து பார்த்து அவளும் சிரித்தாள். யோகம் துணியின் முடிச்சு இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுச் சமையலுக்குப் போனாள். இந்தப் பிடிவாதம் இருக்கிறதே, அதற்காகவே ஒரு சம்பளம் கொடுக்கலாம்.


16 டிசம்பர், செவ்வாய்

மண்சரிவு. ஈப்போ பாதை மூடல். ஹீட்டர் அடுத்த டிரிப்பில்.


24 டிசம்பர், புதன்

கிறிஸ்மஸுக்கு சாலட் கீரை, குடமிளகாய், பூ என்று லோரி வழிகிறது. கியா பார்ம் வளைவில் உல்லாசப் பயணிகளின் கார்கள் நெளிந்து நெளிந்து நிற்கின்றன. வீட்டுக்கு வந்து மீன்களுக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறது. கங்காணி சின்ன மீன்களை ஒரு மூலையில் வரிசையாக நிறுத்தியிருந்தான். துரை அந்தப் பக்கமே திரும்பவில்லை. என்ன ஒரு கம்பீரம்! தண்ணீருக்குள் பிறந்துவிட்டதே என்று இருக்கிறது.

ஹீட்டர் வாங்கவில்லை. ஹீட்டர் விற்கும் கடை இருந்த தெருவில் லோரி நிறுத்த இடம் கிடைக்கவில்லை. யோகம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.


10 ஜனவரி 2026, சனி

நாளை முதல் தைப்பூச விரதம். மலைப்பாதையில் லோரி ஓட்டுகிறவன் முருகனைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். வருஷா வருஷம் கல்லுமலைக்குப் பால்குடம் எடுக்கிறேன். இனிச் சைவம், தரையில் பாய், பூசம் முடியும்வரை காலில் எதுவும் போடுவதில்லை. பூட்டைக் கழுவி ஆணியில் மாட்டினேன்.

யோகம் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மீனுக்கு இனிமே நான் தீனி போடுறேன். மரக்கரண்டியில போடுறேன். நீங்க தண்ணியில கையை வைக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

விரதத்துக்குச் சத்தியம் வேறா என்று சிரித்துவிட்டு, சரி என்றேன்.


13 ஜனவரி, செவ்வாய்

உயிரோடு இருக்கிறேன். தானா ராத்தா ஆஸ்பத்திரி. இடது கையில் கட்டு. வலது கை எழுதுகிறது.


14 ஜனவரி, புதன்

வீட்டுக்கு வந்தாச்சு. நாளைக்குப் பொங்கல். எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது.

திங்கட்கிழமை காலை. குளித்துவிட்டு விபூதி பூசி, ஈரத் தலையோடு அஞ்சடிக்கு வந்தேன். யோகம் அடுக்களையில் இருந்தாள். நல்ல குளிர். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கிராணி ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் மட்டும் அடித்துக்கொண்டது. எனக்கு வேறு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. சத்தியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இடது கையால் இரும்பு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து வலது கையை விட்டேன்.

அடிச்சதுன்னு சொல்ல முடியாது. புடிச்சுக்கிச்சு. கத்தணும்னு நெனைக்கிறேன், வாய் தொறக்கல. கையை எடுக்கணும்னு தெரியுது, கை கேக்கல. இடது கை ஸ்டாண்டை இன்னும் இறுக்கிப் புடிக்குது, நானா புடிக்கல, அதுவா புடிக்குது. நெஞ்சுக்குள்ள யாரோ உலுக்குற மாதிரி. கண்ணு மட்டும் தெரியுது.

யோகம் வந்து நின்றாள். கையில் தண்ணீர்ச் செம்பு. என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அடுத்த நொடி அவள் முதுகைக் காட்டி வீட்டுக்குள் ஓடினாள்.

என்னை விட்டுட்டு எங்க ஓடுறா? அதுதான் நான் நெனச்சது. முருகா, அதைத்தான் நெனச்சேன். பெண்டாட்டி என்னை விட்டுட்டு ஓடுறா.

பம்பு சத்தம் நின்றது. உள்ளே ரேடியோ நின்றது. நான் தரையில் கிடந்தேன்.

மஞ்சள் துணியை இழுத்திருக்கிறாள்.

பிறகு நடந்தது எல்லாம் தவமலர் சொல்லித்தான் தெரியும். துணியை இழுத்த கையோடு திரும்பி வந்து, என் நெஞ்சில் காது வைத்துப் பார்த்திருக்கிறாள். தர்மாவை கார் எடுக்கச் சொல்லியிருக்கிறாள். வண்டியில் ஏறும்போது திரும்பி, "மெயினைத் தூக்காதீங்க, யாரும் தொட்டியில கை வைக்காதீங்க. கம்பளியைச் சுத்துங்க, பாட்டில்ல வெந்நீர் ஊத்தி மேல மெதக்க விடுங்க" என்று தவமலரிடம் சொன்னாளாம். புருஷன் ஒரு பக்கம் கிடக்க, அவன் மீனுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். இந்த மாதிரி ஒருத்தியை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. பார்க்கப் போவதும் இல்லை.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு வயர் ஒட்டி ஒரு நாள் வைத்திருந்து பார்த்தார்கள். இதயம் ஒழுங்காகத்தான் ஓடுகிறதாம். இடது உள்ளங்கை வெந்திருக்கிறது. அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மாலையில் எனக்கு மைலோ கலக்கும்போதுதான் பாதியைக் கீழே கொட்டிவிட்டாள். அப்புறம் அழுதாள். நானும் அழுதேன்.

"உங்கள விட்டுட்டு ஓடினேன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல வரவில்லை. "ஆமா" என்றேன்.

"தொட்டிருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம். பிளக்கைப் புடுங்கலாம்னா அது உங்க காலடியில ஈரத்துல கெடந்துச்சு. கையைக் கட்டிக்கிட்டு வந்த வழியே ஓடுறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா? கால் உங்ககிட்டதான் வரப் பார்த்துச்சு."

கிராணி போய்விட்டான். மற்றவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். தொட்டி எங்கள் வீட்டுக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு குளிர் காய்கிறது.


16 ஜனவரி, வெள்ளி

தர்மா வந்தான். வாசலுக்கு வெளியிலேயே நின்றான். "நல்லதுக்குத்தானே செஞ்சேன், அண்ணே" என்றான். அவனைத் திட்டுவதற்கு நான் நிறைய வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் அவன் ஸ்டூலில் ஏறியபோது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? தர்மா வாழ்க என்று மேலே எழுதியது யார்? அந்த வரியை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

யோகம் அவனுக்குத் தேநீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இந்த லயத்துல எத்தன வீட்டுல இப்படிக் கட்டி வச்சிருக்க?"

அவன் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. அவன் வீட்டிலும் அப்படித்தானாம். இன்னும் சில வீடுகளிலும். எல்லாம் பனியில் பெட்டி விழுகிறது என்று கேட்டவர்கள்தான். தவமலர் தினமும் துணி துவைக்கிற மெஷின் பக்கத்தில் வெறுங்காலோடு நிற்பவள்.

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.


18 ஜனவரி, ஞாயிறு

கம்போங் ராஜாவிலிருந்து வயர்மேன் விஜயன் வந்தார். லைசென்ஸ் வைத்து வேலை செய்கிறவர். அதிகம் பேசமாட்டார். ஹீட்டரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். கண்ணாடிக் குழாயில் முடி கனத்துக்கு ஒரு கீறல்.

"சூடா இருக்கும்போது பச்சைத் தண்ணி ஊத்தினீங்களா?"

'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது நினைவுக்கு வந்தது. மேலே புரட்டிப் பார்த்தேன், தண்ணீர் மாற்றிய அன்றே எழுதியிருக்கிறேன். இதை எழுதிக்கொண்டிருந்த நேரமெல்லாம் கீறல் அங்கேதான் இருந்திருக்கிறது. குளிருக்கு ஹீட்டர் எரிந்ததும் கரண்டு கீறல் வழியாகத் தண்ணீரில் இறங்கி, ஈரமான ஸ்டாண்டு வழியாகத் தரைக்குக் கசிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்துத்தான் பெட்டி விடியற்காலையில் விழுந்திருக்கிறது. நாங்கள் பழியைத் தூக்கிப் பனியின்மேல் போட்டுவிட்டோம். இந்த மலையில் எது நடந்தாலும் பனிதான் காரணம். லோரி ஸ்டார்ட் ஆகாவிட்டால் பனி, முட்டி வலித்தால் பனி, அப்பளம் நமத்தால் பனி.

இரும்பு ஸ்டாண்டுக்கு எர்த் வயர் போட்டார். பிளக்கைத் தரையிலிருந்து எடுத்துச் சுவரில் உயரமாக வைத்தார். வயரைத் தொட்டியிலிருந்து நேராகப் பிளக்குக்குக் கொண்டுபோகாமல், கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினார். வயர் வழியாக வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. தொட்டியில் கை வைக்கும் முன் எல்லாப் பிளக்கையும் கழற்று, ஹீட்டர் ஆறட்டும், அப்புறம்தான் தண்ணீரைத் தொடு என்றார். பூட்டை நம்பாதே என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது யோகம் என் பக்கம் திரும்பவே இல்லை. பெரிய மனசு.

பெட்டியில் புது டிரிப் சுவிட்ச். அதில் 'T' என்று ஒரு சின்ன பொத்தான். மாதம் ஒரு தடவை அமுக்கிப் பார்க்க வேண்டும். உடனே விழுந்தால் நல்லது, விழாவிட்டால் தனக்குப் போன் போட வேண்டும்.

மஞ்சள் துணியைப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். "இதை யார் கட்டினது?" என்றார். சொன்னேன். துணியின் முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு தர்மாவின் வீட்டுக்குப் போனார். தர்மா முன்னால் நடந்தான். சாயங்காலம்வரை ஒவ்வொரு வீடாக அவனே கூட்டிக்கொண்டு போய், தான் கட்டியதையெல்லாம் காட்டிக் கொடுத்தான். அதற்கும் ஒரு தைரியம் வேண்டும்லா.


25 ஜனவரி, ஞாயிறு

புது ஹீட்டர். நான் வாங்கவில்லை. யோகம் லீவு போட்டு பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தாள். எனக்குத்தான் லோரி நிறுத்த இடம் கிடைக்காதே.


1 பிப்ரவரி, ஞாயிறு

தைப்பூசம். கல்லுமலை. இடது கையில் இன்னும் தோல் சிவப்பாக இருப்பதால் பால்குடத்தை ஒரு கையால் தலையில் தாங்கிக்கொண்டேன். வழுக்கும் இடங்களில் யோகம் பின்னாலிருந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வருஷா வருஷம் லோரிக்காக வேண்டிக்கொள்வேன். இந்த வருஷம் சன்னிதியில் நின்றபோது லோரி ஞாபகமே வரவில்லை. எனக்குக் கொடுத்தவளை எனக்கே விட்டு வை என்று மட்டும் கேட்டேன்.

படி இறங்கும்போது, "என்னா வேண்டிக்கிட்டீங்க?" என்றாள்.

"துரைக்கு நல்ல புத்தி" என்றேன்.

"எந்தத் துரைக்கு?" என்றாள் குட்டையம்மா.


19 பிப்ரவரி, வியாழன்

தர்மா வீட்டுக்குப் போயிருந்தேன். மெயின் சுவிட்சில் பச்சைத் துணி. தவமலரின் சேலை போலிருக்கிறது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "தீபாராதனை ஆறு மணிக்கு, அண்ணே" என்றாள். இருவருமே சிரித்தோம்.


1 மார்ச், ஞாயிறு

மாதப் பிறப்பு. காலைப் பசியாறல் முடிந்ததும் ஸ்டூலில் ஏறினேன். பக்கத்து வீடுகளிலும் இன்றைக்குத்தான் அமுக்குவது என்று பேச்சு. தர்மா வெளியே நின்று "அண்ணே, அமுக்கலாமா?" என்று கத்தினான். பொத்தானை அமுக்கினேன். டக்கென்று விழுந்தது. லயம் முழுக்க ஒவ்வொரு வீட்டு ரேடியோவாக வாயை மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் தேயிலைக் காட்டுப் பக்கமிருந்து குருவிச் சத்தம் மட்டும்.

அஞ்சடியிலிருந்து யோகம் கேட்டாள்: "பெட்டி பேசுதா?"

"பேசுது" என்றேன்.

நான் இறங்கிப் போனேன். பம்பு, விளக்கு, ஹீட்டர் மூன்றின் பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றி அவள் கண்ணுக்கு முன்னால் பெஞ்சின்மேல் வரிசையாக வைத்தேன். ஹீட்டர் ஆறும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். துரை ஒரு சுற்று நடந்து வந்தது. கங்காணி யாரையோ துரத்தியது.

பிறகு யோகம் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்றாள். நவம்பருக்குப் பிறகு இன்றுதான் முதல் தடவை. கையைத் தண்ணீருக்குள் விட்டாள். துரை மெதுவாக வந்து அவள் விரலில் முகத்தை வைத்தது.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுதாங்க மீன் முட்டுறது" என்றாள்.